‘சரிங்க’ என்பது சம்மதமா? நாட்பட்ட நோயோடு வளரும் கொங்குப் பிள்ளைகளும் மருத்துவ முடிவுகளும்

கோவையில் சர்க்கரை நோய் மருத்துவர் ஒருவரின் அறையில் நாள்தோறும் நடக்கக்கூடிய காட்சி இது. பல்லடத்திலிருந்தோ தாராபுரத்திலிருந்தோ விடியற்காலைப் பேருந்தைப் பிடித்து ஒரு குடும்பம் வந்திருக்கிறது. நோயாளி பதினைந்து வயதுப் பெண். “எத்தனை யூனிட் போடறீங்க?” என்று மருத்துவர் கேட்கிறார். அப்பா பதில் சொல்கிறார். “வேளைக்குச் சாப்புடறதே இல்லீங்க டாக்டர். ஊசி போட்டுட்டேன்னுதான் சொல்றா, ஆனா சுகரு மட்டும் எறங்கமாட்டேங்குதுங்க” என்று அம்மா முறையிடுகிறார். அளவு கூட்டி எழுதப்படுகிறது. எழுந்து போகும் நேரத்தில்தான் மருத்துவர் அந்தப் பெண்ணின் பக்கம் திரும்புகிறார்: “இனிமே ஒழுங்கா இருக்கோணும், சரியா கண்ணு?”

“சரிங்க.”

பத்து நிமிட உரையாடலில் அவள் பேசியது அந்த ஒரு சொல்தான். அது ஒப்புக்கொண்டதன் அடையாளமா, மரியாதையா, பேச்சை முடித்துக்கொண்டு கிளம்பும் வழியா? மருத்துவருக்கும் தெரியாது, பெற்றோருக்கும் தெரியாது. ஆனால் அடுத்த மூன்று மாதமும் அவளுடைய சிகிச்சை அந்தச் சொல்லை நம்பித்தான் நடக்கப்போகிறது.

நாட்பட்ட நோயோடு வளரும் பதின்வயதினருக்கு அவர்களுடைய சிகிச்சை முடிவுகளில் எவ்வளவு பங்கு தரலாம், எப்போது, எப்படித் தரலாம் என்பதே இக்கட்டுரையின் கேள்வி. வரலாறு, ஆய்வுகள், சட்டம், கொங்கு மண்ணின் நடைமுறை என்று நான்கு பக்கமிருந்தும் அதைப் பார்க்கலாம்.

வேலை யாருடையது?

டைப் 1 சர்க்கரை நோய் இக்கேள்விக்குச் சரியான உரைகல். கணையத்தில் இன்சுலின் சுரக்கும் உயிரணுக்களை உடலின் எதிர்ப்புச் சக்தியே அழித்துவிடுவதால் வருவது இது. இனிப்பு தின்றதால் வந்ததும் இல்லை, பெற்றோரின் கவனக்குறைவால் வந்ததும் இல்லை. இன்சுலினை அறவே நிறுத்தினால் சில நாட்களுக்குள் ரத்தத்தில் அமிலம் பெருகி உயிருக்கே ஆபத்தாகும். பன்னாட்டுச் சர்க்கரை நோய்க் கூட்டமைப்பு 2021-இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, இந்தியாவில் 20 வயதுக்குட்பட்டோரில் சுமார் 2.29 லட்சம் பேருக்கு இந்நோய் உண்டு. உலகிலேயே இதுதான் அதிகம்.

நாளுக்கு நான்கு ஊசி என்றால் ஆண்டுக்கு 1,460 ஊசி. சாப்பாட்டு வேளை ஊசி ஒவ்வொன்றுக்கும் முன்னால் விரல் நுனியில் குத்திச் சுகர் பார்க்க வேண்டும், சாப்பிடப்போவதைக் கணக்கிட வேண்டும், அளவைத் தீர்மானிக்க வேண்டும். இரண்டு சந்தகைக்கு எத்தனை யூனிட், பண்டிகை நாளில் ஒப்புட்டு ஒன்று கூடுதலாகத் தின்றால் எத்தனை, மாலையில் கபடி ஆடப்போகிறோமென்றால் எவ்வளவு குறைப்பது என்ற கணக்கெல்லாம் பிள்ளையின் தலையில்தான் ஓடுகிறது. ஓர் ஆண்டில் 8,760 மணி நேரம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மருத்துவரைப் பார்த்தால் அவரோடு கழிவது ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடக் குறைய. மீதி நேரமெல்லாம் மருத்துவம் பார்ப்பது அந்தப் பிள்ளையேதான்.

ஹீமோபிலியா உள்ள பையனுக்கு மூட்டுக்குள் ரத்தம் கசியத் தொடங்குவது, வீக்கம் வெளியே தெரியும் முன்பே அவனுக்குத் தெரிந்துவிடும். ஆஸ்துமா உள்ளவளுக்கு, எந்தத் தூசியில் மூச்சு இறுகுமென்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நோயைத் தூக்கிச் சுமப்பதும் அதை நுட்பமாக அறிந்திருப்பதும் அவர்கள். முடிவெடுக்கும் பேச்சில் மட்டும் அவர்களுக்கு இடமில்லை.

டொராண்டோவின் இரண்டு பிள்ளைகள்

இன்சுலினின் வரலாறே பதின்வயதினரிடமிருந்துதான் தொடங்குகிறது. 1922 ஜனவரி 11-ஆம் நாள் கனடாவின் டொராண்டோ பொது மருத்துவமனையில் முதல் இன்சுலின் ஊசி போடப்பட்டது லியோனார்ட் தாம்சன் என்ற பதின்வயதுச் சிறுவனுக்கு. முதல் மருந்து சரியாக வேலை செய்யவில்லை. சுத்திகரித்த மருந்தை ஜனவரி 23-இல் போட்டபோதுதான் அவன் பிழைத்தான்.

அதே ஆண்டு ஆகஸ்டில் அமெரிக்காவிலிருந்து எலிசபெத் ஹியூஸ் வந்தாள். அமெரிக்க வெளியுறவுத்துறை அமைச்சரின் மகள். 1919-இல், 11 வயதில் நோய் வந்து, அக்காலத்தின் ஒரே சிகிச்சையான பட்டினி உணவுமுறையில் மூன்று ஆண்டுகள் உயிரைப் பிடித்து வைத்திருந்தவள். டொராண்டோ வந்தபோது அவள் எடை 20 கிலோவை ஒட்டித்தான் இருந்தது. பதினைந்து வயதை எட்டிய அந்தப் பெண் தனக்குத் தானே ஊசி போட்டுக்கொள்ளக் கற்றாள். உணவையும் மருந்தையும் பற்றித் தாய்க்கு விரிவாகக் கடிதம் எழுதினாள். 1981 வரை, 73 ஆண்டுகள் வாழ்ந்தாள்.

அவள் வாழ்க்கையில் இன்னொரு செய்தியும் உண்டு. தனக்குச் சர்க்கரை நோய் இருப்பதை வெளியுலகுக்குத் தெரியாமல் அவள் கடைசிவரை மறைத்தே வாழ்ந்தாள். தன் உடலை ஆளக் கற்றவளுக்கும் ஊர்வாயை எதிர்கொள்வது கடினமாகவே இருந்திருக்கிறது. கொங்கு நாட்டுப் பெண்பிள்ளைகளுக்கு இது நன்றாகப் புரியும்.

ஆய்வுகள் சொல்வது

‘சின்னப் பிள்ளைக்கு என்ன தெரியும்’ என்ற எண்ணத்தை ஆய்வுகள் பலமுறை அசைத்துப் பார்த்துவிட்டன. ரத்தப் புற்றுநோய் வந்த சிறு குழந்தைகளோடு பழகி மானுடவியலாளர் மைரா புளூபாண்ட்-லாங்னர் எழுதிய நூல் 1978-இல் வெளிவந்தது. யாரும் சொல்லாமலே அந்தக் குழந்தைகள் தங்கள் நிலையை அறிந்திருந்தனர். பெற்றோர் வருந்துவார்களே என்று தெரியாததுபோல் நடந்துகொண்டனர் என்று அவர் கண்டார். நாம் பிள்ளைகளைக் காப்பதாக நினைத்து மறைக்கிறோம். அவர்களோ நம்மைக் காக்க மௌனமாக இருக்கிறார்கள்.

அமெரிக்க உளவியலாளர்கள் லோயிஸ் வைட்ஹார்னும் சூசன் கேம்பெலும் 1982-இல், சிகிச்சை தொடர்பான கற்பனைச் சிக்கல்களை வெவ்வேறு வயதினரிடம் கொடுத்தார்கள். 14 வயதினர் பெரியவர்களுக்கு ஈடாகவே காரண காரியம் ஆராய்ந்தார்கள். மருத்துவ ஆய்வில் பங்கேற்பது பற்றி 6 முதல் 18 வயது வரையிலான நோயாளிகளிடம் நெதர்லாந்தில் நடத்தி 2014-இல் வெளியான ஆய்வில், 11 வயதைக் கடந்தவர்கள் பெரும்பாலும் முடிவெடுக்கத் தகுதி பெற்றிருந்தனர்.

இதற்கு எதிர்ப்பக்கத்தையும் சொல்ல வேண்டும். அமைதியாக உட்கார்ந்து யோசிக்கும் திறன் பதினாறு வயதுக்குள் ஏறத்தாழ முதிர்ந்துவிடுகிறது. ஆனால் கோபத்திலும், நண்பர்கள் முன்னிலையிலும், களைப்பிலும் தன்னைக் கட்டுப்படுத்தும் திறன் இருபதுகளிலும் தொடர்ந்து வளர்கிறது என்கிறார் உளவியலாளர் லாரன்ஸ் ஸ்டைன்பர்க். டிம் வைசாக்கியும் குழுவினரும் 1996-இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் தெளிவானது: தம் முதிர்ச்சிக்கு மீறிய பொறுப்பைச் சுமந்த சர்க்கரை நோய்ப் பிள்ளைகளுக்குச் சர்க்கரைக் கட்டுப்பாடும் மோசம், மருத்துவமனையில் சேர்வதும் அதிகம். பெற்றோரும் பிள்ளையும் கூட்டாகச் செய்யும்போது பலன் கூடுகிறது என்பதை பார்பரா ஆண்டர்சன் குழுவின் ஆய்வுகள் காட்டின.

ஆக, ‘உன் நோய், நீயே பார்த்துக்கொள்’ என்று கைவிடுவதும் கேடு. ‘உனக்கு ஒன்றும் தெரியாது’ என்று ஒதுக்குவதும் கேடு. தெரிந்துகொள்வது, கருத்துச் சொல்வது, முடிவில் தாக்கம் செலுத்துவது, தானே முடிவெடுப்பது என்று நான்கு படிகளாக இதைப் பிரித்துக் காட்டினார் பிரிட்டிஷ் ஆய்வாளர் பிரிசில்லா ஆல்டர்சன். நான்காம் படிக்கு வயதும் முதிர்ச்சியும் வேண்டும். முதல் இரண்டு படிகளுக்கு எந்தத் தகுதியும் வேண்டியதில்லை. நம் மருத்துவமனைகளில் பெரும்பாலும் அந்த முதல் படியே பிள்ளைகளுக்குக் கிடைப்பதில்லை.

சட்டத்தின் மூன்று வயதுகள்

நம் சட்டத்தில் இதற்கு ஒரே விடை இல்லை. 1875-ஆம் ஆண்டின் வயதுவரம்புச் சட்டப்படி 18 நிறைந்தவரே மேஜர். அதனால் மருத்துவமனைகள் 18 வரை பெற்றோரின் கையெழுத்தையே வாங்குகின்றன. குற்றவியல் சட்டமோ, 12 வயதுக்குட்பட்ட குழந்தை தரும் ஒப்புதல் செல்லாது என்கிறது. பழைய தண்டனைச் சட்டத்தின் 90-ஆம் பிரிவில் இருந்த இந்த வரி, 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவிலும் தொடர்கிறது. அப்படியானால் 12-க்கும் 18-க்கும் இடைப்பட்டவர்களின் ஒப்புதலுக்கு என்ன மதிப்பு என்பதைச் சிகிச்சை தொடர்பான சட்டம் எதுவும் தெளிவாகச் சொல்லவில்லை.

ஆராய்ச்சி என்று வந்தால் தெளிவு இருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைகள், பெற்றோரின் ஒப்புதலோடு 7 முதல் 12 வயது வரை பிள்ளையின் வாய்மொழி இசைவும், 12 முதல் 18 வரை எழுத்து மூலமான இசைவும் வேண்டும் என்கின்றன. ஒரு புதிய மருந்தைச் சோதிக்க 13 வயதுச் சிறுமியின் கையெழுத்து தேவை; அவள் ஆயுளுக்கும் போட்டுக்கொள்ளப்போகும் மருந்தை மாற்ற அவளிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டிய கட்டாயம் இல்லை. இந்த முரண்பாட்டை யாராலும் நியாயப்படுத்த முடியாது.

மூன்றாவது வயதை மருத்துவமனைகளே வகுத்துவிட்டன. பல மருத்துவமனைகளில் குழந்தைகள் பிரிவு 12 வயதோடு முடிகிறது. பதின்மூன்றாவது வயதில் பிள்ளை பெரியவர்கள் வார்டுக்குப் போகிறது. படுக்கைக்குப் பெரியவர், கையெழுத்துக்குச் சிறியவர் என்ற நிலை.

வெளிநாடுகளில் வேறு வழிகள் கண்டிருக்கிறார்கள். இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை 1985-இல் கில்லிக் வழக்கில், வயதைக் காட்டிலும் புரிந்துகொள்ளும் திறனே முக்கியம் என்று தீர்ப்பளித்தது. நெதர்லாந்தில் 12 முதல் 16 வயது வரை பெற்றோர், பிள்ளை இருவரின் ஒப்புதலும் வேண்டும். 16-க்குப் பின் பிள்ளையின் ஒப்புதலே போதும். தன்னைப் பற்றிய எல்லா விஷயங்களிலும் குழந்தை கருத்துச் சொல்லலாம், அதற்கு உரிய மதிப்புத் தரப்பட வேண்டும் என்பது ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 12-ஆம் பிரிவு. இந்தியா 1992-இல் அதை ஏற்றுக்கொண்டது.

கொங்கு மண்ணில்

‘இதெல்லாம் வெளிநாட்டுச் சங்கதி, நம் ஊரில் குடும்பம்தான் முடிவெடுக்கும்’ என்று ஒரு மறுப்பு எழும். அதில் உண்மை உண்டு. தறிப்பட்டறையில் இரவு ஷிப்டு பார்த்துக் குளுக்கோமீட்டர் ஸ்ட்ரிப்புக்குக் காசு சேர்க்கும் தகப்பனை ‘அதிகாரம் செலுத்துபவர்’ என்று ஒரே சொல்லில் எழுதிவிடுவது அநியாயம். இங்கே அன்பும் அச்சமும்தான் பிள்ளைக்காகப் பேசுகின்றன.

ஆனால் அதே குடும்பத்தைச் சற்று உற்றுப் பார்ப்போம். சோமனூரிலும் பல்லடத்திலும் விசைத்தறி ஓட்டும் பெற்றோருக்கு ஆங்கிலத்தில் வந்த ரத்தப் பரிசோதனை அறிக்கையைப் படித்துச் சொல்வது யார்? மாத்திரை அட்டையின் பெயரைத் துண்டுச் சீட்டோடு ஒப்பிட்டுப் பார்ப்பது யார்? காப்பீட்டு அட்டைக்கு விண்ணப்பம் நிரப்புவது, கைப்பேசியில் மருத்துவரின் நேரத்தைப் பதிவுசெய்வது யார்? முதல் தலைமுறையாகப் படிக்கும் அந்தப் பிள்ளைதான். வீட்டில் பாதி முடிவுகள் அதன் கண்வழியாகவே நடக்கின்றன. ‘ஆட்டை ஓட்டிட்டுப் போய் மேய்ச்சுட்டு வா சாமி’ என்று பதின்மூன்று வயதில் மந்தையையே நம்பி ஒப்படைக்கும் ஊர் இது. பொறுப்புக் கொடுத்து வளர்ப்பது நம் மரபுக்குப் புதிதல்ல. மருத்துவரின் அறை வாசலில்தான் அந்த மரபை நாம் விட்டுவிட்டுப் போகிறோம்.

கொங்குத் தமிழின் ‘ங்க’ நம் பெருமை. எதிரில் இருப்பவர் யாரானாலும் மரியாதையோடு விளிக்கும் பேச்சு அது. அந்த மரியாதையே பிள்ளையின் வாயை அடைத்தும் விடுகிறது. பெரியவர் சொன்னால் ‘சரிங்க’ என்றுதான் சொல்ல வேண்டும், ‘முடியாதுங்க’ என்று சொல்ல வழியில்லை. எனவே அவள் அறையில் ஒப்புக்கொண்டுவிட்டு வீட்டில் ஊசியைத் தவிர்க்கிறாள். நோட்டில் பொய்யான எண்களை எழுதுகிறாள். இதை நாம் அடம் என்கிறோம். சொல்லக் கிடைக்காத மறுப்பு அது.

விடுதி வாழ்க்கை இன்னொரு களம். நாமக்கல், ராசிபுரம் வட்டாரத்தின் உறைவிடப் பள்ளிகள் தமிழகம் முழுவதும் பெயர் பெற்றவை. விடியுமுன் படிப்பு, மணியடித்தால் சாப்பாடு, கைப்பேசிக்குத் தடை. தொடர்ச்சியாகச் சர்க்கரை பார்க்கும் கருவி பெரும்பாலும் கைப்பேசியில்தான் எண்ணைக் காட்டும். இன்சுலினுக்குக் குளிர்ச்சி வேண்டும். குளிர்பதனப் பெட்டி வார்டன் அறையில் இருக்கும். நள்ளிரவில் லோ சுகரில் உடம்பு நடுங்கி எழும் பையன் யாரை எழுப்புவது? அவனைக் கேட்காமல் விடுதியையும், விடுதியைக் கேட்காமல் மருந்து முறையையும் முடிவு செய்தால், இடையில் அகப்படுவது அவன்தான். 2023-இல் தேசியக் குழந்தை உரிமைகள் பாதுகாப்பு ஆணையம், டைப் 1 உள்ள மாணவர்கள் வகுப்பிலேயே சுகர் பார்க்கவும், ஊசி போடவும், தின்பண்டம் உண்ணவும் அனுமதிக்கும்படி மாநிலங்களுக்கு எழுதியது. அந்தக் கடிதத்தின் செய்தி ஒவ்வொரு விடுதிக்கும் போய்ச் சேர வேண்டும்.

மிகக் கனமானது கல்யாணப் பேச்சு. பெண்ணுக்குச் சர்க்கரை என்று தெரிந்தால் இடம் அமையாது என்ற அச்சத்தில் ‘யாருகிட்டயும் சொல்லீராத கண்ணு’ என்று அம்மா சொல்லிவிடுகிறார். அதனால் பள்ளியில் ஊசி இல்லை, உறவினர் வீட்டு விசேஷத்தில் ஊசி இல்லை. மாதவிலக்குக்கு முன் சிலருக்குச் சர்க்கரை ஏறும். அப்பாவும் மருத்துவரும் எதிரே இருக்கையில் அதைச் சொல்ல அவளால் முடியாது. வலிப்பு நோயிலும் இதே கதைதான். சோடியம் வால்ப்ரோயேட் என்ற மருந்து பிற்காலத்தில் கருவைப் பாதிக்கலாம் என்பது அதை விழுங்கும் பெண்ணுக்கே பல நேரம் தெரிவதில்லை. வலிப்பைத் திருமணத்துக்குத் தடையாக வைத்திருந்த சட்ட வாசகத்தை நாடாளுமன்றம் 1999-லேயே நீக்கிவிட்டது. ஊர்ப்பேச்சிலிருந்து அது இன்னும் நீங்கவில்லை.

நம்பிக்கை தரும் வேலைகளும் இங்கே நடக்கின்றன. நாளமில்லாச் சுரப்பி மருத்துவர் கிருஷ்ணன் சுவாமிநாதன் கோவையில் தொடங்கிய ‘இதயங்கள்’ அறக்கட்டளை, டைப் 1 உள்ள ஏழைப் பிள்ளைகளுக்கு இலவசமாக இன்சுலின் தருகிறது. மருந்து இல்லாதபோது முடிவெடுக்கும் உரிமை வெறும் பேச்சு. கையில் மருந்து வந்த பிறகே ‘உனக்கு எது ஒத்துவரும்’ என்ற கேள்விக்குப் பொருள் பிறக்கிறது.

மலையிலிருந்து ஒரு பாடம்

நீலகிரி 1868 வரை கோவை மாவட்டத்தின் பகுதி. இன்றும் அம்மலைமக்கள் பெரிய சிகிச்சைக்கு இறங்கி வரும் ஊர்களில் கோவை முக்கியமானது. இந்தியாவில் அரிவாள் செல் சோகைக்கான மரபுக்கூறு முதன்முதலில் கண்டறியப்பட்டது அந்த மலையில்தான்: 1952-இல் லேமன், கட்புஷ் ஆகிய இருவரும் அங்குள்ள பழங்குடியினரிடம் அதைக் கண்டு எழுதினர். ரத்தச் சிவப்பணு வளைந்து இறுகி, தாங்க முடியாத எலும்பு வலி தரும் பரம்பரை நோய் இந்தச் சோகை. கூடலூரில் 1990-இல் தொடங்கிய ஆதிவாசி மருத்துவமனை, பழங்குடிப் பெண்களையே செவிலியராகவும் நலப் பணியாளராகவும் பயிற்றி, நோயை அவர்கள் மொழியிலேயே விளக்கும் வழியைக் காட்டியது. யார் விளக்குகிறார் என்பதைப் பொறுத்தே நோயாளி வாய் திறப்பார் என்ற உண்மை பதின்வயதினருக்கும் பொருந்தும்.

2023 ஜூலை 1-இல் தொடங்கிய தேசிய அரிவாள் செல் சோகை ஒழிப்புத் திட்டம், 40 வயது வரையிலான 7 கோடிப் பேரைப் பரிசோதிக்கும் இலக்குடையது. உறைவிடப் பள்ளியில் படிக்கும் பழங்குடிச் சிறுமியின் கையில் ‘நீ இந்நோயைக் கடத்தக்கூடியவள்’ என்ற அட்டை வரும்போது, அதன் பொருளை அவளுக்குச் சொன்னது யார், அதை வேறு யாருக்குச் சொல்வது என்று அவளைக் கேட்டார்களா என்பவை இத்திட்டத்தின் தரத்தைத் தீர்மானிக்கும் கேள்விகள்.

என்ன செய்யலாம்?

சட்டத்திருத்தம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லாதவை சில. பன்னிரண்டு வயது தொடங்கியதும், ஒவ்வொரு சந்திப்பிலும் மருத்துவர் முதல் கேள்வியைப் பிள்ளையிடம் கேட்கலாம். பெற்றோர் பிறகு பேசட்டும். கடைசி ஐந்து நிமிடம் பிள்ளையோடு தனியாகப் பேசலாம். அங்கே சொல்வது ரகசியம், உயிருக்கு ஆபத்தானால் மட்டும் வீட்டாருக்குச் சொல்வேன் என்று முன்கூட்டியே தெளிவுபடுத்த வேண்டும். பெற்றோர் கையெழுத்திடும் படிவத்தின் கீழே பிள்ளையின் இசைவுக்கும் ஒரு வரி ஒதுக்கலாம். ஆராய்ச்சிக்கு இருக்கும் மரியாதை சிகிச்சைக்கும் கிடைக்கட்டும்.

உண்மையான தேர்வுகளை முன்வைக்க வேண்டும். நாளுக்கு இரண்டு ஊசி என்றால் வேளை தவறாமல், அளவு மாறாமல் சாப்பிட வேண்டும். நான்கு ஊசி என்றால் சாப்பாட்டில் சுதந்திரம் உண்டு, ஆனால் பள்ளியில் ஒன்று போட்டாக வேண்டும். பள்ளியில் போடமாட்டேன் என்பவளிடம் காரணம் கேட்டால், கழிப்பறை தவிர வேறு இடமில்லை என்பாள். அப்போது மாற வேண்டியது இன்சுலின் அளவா, பள்ளியின் ஏற்பாடா என்பது விளங்கிவிடும்.

எல்லையும் உண்டு. ஊசியையே நிறுத்திவிட்டு, சர்க்கரையை வேரோடு அறுப்பதாக வாக்களிக்கும் சூரணத்துக்கு மாற வேண்டும் என்று பிள்ளை சொன்னாலும் பெற்றோர் சொன்னாலும் மருத்துவர் அதற்கு இடம் கொடுக்கக் கூடாது. உயிர்காக்கும் மருந்து பேரத்துக்கு உரியதல்ல. எப்போது, எங்கே, எந்த முறையில், யாருடைய துணையோடு என்பவை பேசித் தீர்மானிக்க வேண்டியவை. அந்த வட்டம் வயதோடு விரிய வேண்டும். பெற்றோரின் கை சிறிது சிறிதாகத் தளர வேண்டும், ஒரேயடியாக விடுபடக் கூடாது. சைக்கிள் கற்றுக்கொடுத்த அப்பாக்களுக்கு இந்த அளவு நன்றாகத் தெரியும்.

மீண்டும் அந்த அறைக்குப் போவோம். மருத்துவர் இப்போது நாற்காலியை அவள் பக்கம் திருப்பிக் கேட்கிறார்: “இந்த மூணு மாசத்துல எந்த ஊசி போடறதுதான் உனக்குக் கஷ்டமா இருந்துது கண்ணு?” அவள் அம்மாவைப் பார்க்கிறாள். அம்மா தலையசைக்கிறார். சற்று நேரம் கழித்துச் சொல்கிறாள்: “மத்தியானத்து ஊசிங்க. அதை என்னால ஸ்கூல்ல போட முடியலீங்க.”

கேட்டவர்களுக்கு அது ஒரு குறையாகப் பட்டிருக்கலாம். சிகிச்சை சரியாகத் தொடங்க வேண்டிய இடம் அந்த ‘முடியலீங்க’தான். அதை அவள் அச்சமின்றிச் சொல்ல முடிகிற அறையில்தான், அடுத்து அவள் சொல்லும் ‘சரிங்க’ சம்மதமாகும்.